பூட்டை விரும்பாத நூலகர்

நூல்களை நேசிப்பவர் என்றதும், வீடு நிறைய நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு எவருக்கும் இரவல் தராத ஒருவரே பலருடைய நினைவில் எழுவார். சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் அத்தகையவர் அல்லர். இந்திய நூலகவியலின் தந்தை என்று இவரைப் போற்றும் நாம், இவர் அத்துறைக்கு மனமின்றியே வந்தார் என்பதை மறந்துவிடுகிறோம்.

1892இல் சீர்காழியில் பிறந்த இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, பின் கல்லூரி ஆசிரியராக விளங்கினார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வகுப்பறையின் ஆரவாரத்தில் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை சில வாரங்களிலேயே பொறுக்க இயலாததாயிற்று. பழைய பணிக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பணியைக் கற்று வரட்டும், அதன் பின்னும் பிடிக்கவில்லையெனில் கணிதத்திற்கே திரும்பலாம் என்று உடன்பாடு செய்துகொண்டனர்.

அவர் திரும்பவில்லை. குரோய்டன் போன்ற ஊர்களின் பொது நூலகங்கள் எல்லா வயதினருக்கும் எல்லாத் தொழிலினருக்கும் பணிபுரிவதைக் கண்டு வந்தவருக்கு, தமக்குரிய பணி எதுவென்று விளங்கிவிட்டது. முதற்பார்வையிலேயே மலர்ந்த அன்பைவிட, கடமையாய்த் தொடங்கிக் கனிந்த இத்தகைய அன்பே நீடித்து நிற்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

தாம் கண்டவற்றையெல்லாம் சில அடிப்படை விதிகளாகச் சுருக்க வேண்டும் என்று கணித அறிஞரான அவருடைய உள்ளம் தவித்தது. 1928இல் அத்தவிப்பைத் தீர்த்து வைத்தவர், கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதுதானே உன் முதல் விதி என்ற பொருள்பட அவர் கூறியதும் மற்ற நான்கும் தொடர்ந்து பிறந்தன. 1931இல் அவை நூலாக வெளிவந்தன.

இது எவரும் அறிந்ததுதானே என எண்ணலாம். ஆயினும் வரலாறு வேறு கதை சொல்கிறது. ஐரோப்பாவின் ஆலயங்களிலும் கல்லூரிகளிலும் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். ஒரு நூலைக் கையால் படியெடுக்கப் பல மாதங்கள் ஆன காலத்தில் அச்சங்கிலிக்கு நியாயம் இருந்தது. அச்சு பரவிய பின்னரும் பூட்டு நீடித்ததற்கு என்ன நியாயம் சொல்வது? பள்ளிகளிலும், ஏன், பங்கு இல்லங்களிலும்கூட, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிய நூல்களை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்! அரங்கநாதனோ, வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் நிலைநாட்டினார்.

நூலகத்திற்கு வர இயலாதவரை என் செய்வது? 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி ஒன்று நடமாடும் நூலகமாக ஊர்களுக்குப் புறப்பட்டது. அரங்கநாதனின் இயக்கம் அதற்குத் துணைநின்றது. அவர் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியுடன் ஒரு சிறு நூலக வரியையும் சேர்த்துப் பெற்று நூலகங்களை நடத்த வழிசெய்தது அச்சட்டம். ஊர்ப்புற நூலகத்தில் இலவசமாக நாளிதழ் புரட்டுவோர் எத்தனை பேர் இதனை அறிவர்?

1945இல் சென்னைப் பணியிலிருந்து விலகினார். ஓய்வெடுத்தாரா? காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தி அட்டவணையிட்டார். பின்னர் தில்லி, சூரிச், பெங்களூர் எனப் பணி தொடர்ந்தது. வாழ்நாள் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுவதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். அப்பதவி அவருடைய துணைவியார் சாரதாவின் பெயரைத் தாங்கியது. எழுபதாம் வயதில், 1962இல், பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார்.

அந்த ஐம்பதுகளில் கடல் கடந்தும் அவருடைய அறிவுரையை நாடினர். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லாங் அடிகளாரும் யாழ்ப்பாண நகரப் பெருமக்களும் பொது நூலகம் ஒன்றை எழுப்ப முனைந்தபோது, அதன் அமைப்பிற்கு ஆலோசகராக விளங்கியவர் அரங்கநாதன். 1959இல் திறக்கப்பெற்ற அந்நூலகம் காலப்போக்கில் சுமார் 97,000 நூல்களையும் அரிய ஓலைச்சுவடிகளையும் கொண்டதாய் வளர்ந்தது.

1972 செப்டம்பர் 27ஆம் நாள் அரங்கநாதன் பெங்களூரில் காலமானார். 1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாண நூலகத்திற்குத் தீ வைத்தனர். பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டார். நெஞ்சு தாளாது அங்கேயே சாய்ந்து உயிர்நீத்தார்.