நாற்காலியில் ஆள் மாறியபோது

புதிய மேலதிகாரி வருகிறார் என்றால் அலுவலகத்தில் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "ஆள் எப்படி?" என்பதைத்தான். இந்தக் கேள்வி வீண் அச்சத்தில் பிறந்ததல்ல. 1913இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்ததைப் படித்தால் அது புரியும்.

1883ஆம் ஆண்டின் பென்டில்டன் சட்டம், அரசுப் பணிகளில் ஒரு பகுதியைத் தேர்வு மூலம் நிரப்ப வழிசெய்தது. சிபாரிசுக்கு ஆளில்லாத கருப்பின இளைஞர்களுக்கு அது வாசலைத் திறந்தது. அவர்கள் எழுத்தர்களாகவும் அஞ்சல் ஊழியர்களாகவும் உள்ளே வந்தார்கள். பல அலுவலகங்களில் வெள்ளையரோடு ஒரே அறையில் வேலை பார்த்தார்கள்.

1913 மார்ச் 4 அன்று உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானார். நியாயமாக நடத்துவேன் என்ற அவர் பேச்சை நம்பி, டு பாய்ஸ், மன்ரோ டிராட்டர் போன்ற கருப்பினத் தலைவர்களே 1912 தேர்தலில் அவரை ஆதரித்திருந்தார்கள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 11 அமைச்சரவைக் கூட்டத்தில் அஞ்சல் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்லசன், ரயில்வே அஞ்சல் பணியில் கருப்பரைத் தனியே பிரிக்க வேண்டும் என்றார். வில்சன் தடுக்கவில்லை.

அதுவே போதுமானதாக இருந்தது. அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் சாப்பாட்டு மேசைகளும் கழிப்பறைகளும் பிரிக்கப்பட்டன. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே தட்டிகள் எழுந்தன. பலருக்குப் பதவி உயர்வு நின்றது. இதற்கென்று ஒரு சட்டமும் இயற்றப்படவில்லை. பென்டில்டன் சட்டம் அப்படியேதான் இருந்தது. அது முக்கியமாக வேலைக்குள் நுழைவதற்கே விதி வகுத்திருந்தது. உள்ளே வந்தவர் எங்கே உட்கார்வது, யாரோடு சாப்பிடுவது என்பதெல்லாம் மேலதிகாரியின் கையில் இருந்தது.

அடுத்து நுழைவாயிலிலும் கை வைத்தார்கள். 1914இல் விண்ணப்பத்தோடு புகைப்படம் கட்டாயமாக்கப்பட்டது. தேர்ச்சிப் பட்டியலின் முதல் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதிகாரிக்கு இருந்தது. படம் இருந்தால் நிறம் தெரியும். நிறம் தெரிந்தால் ஒதுக்குவது எளிது. அந்த ஆண்டு நவம்பரில் டிராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய் நேருக்கு நேர் கேள்வி கேட்டார். பிரிப்பது அவமானமல்ல என்றார் வில்சன். டிராட்டர் பேசிய தொனி பிடிக்காமல், மறுபடி வந்தால் வேறு ஆளைப் பேசச் சொல்லுங்கள் என்று கோபப்பட்டார்.

வில்சன் 1921இல் பதவியை விட்டுப் போனார். புகைப்பட விதி 1940 வரை போகவில்லை. தம் காழ்ப்பை விதியாக எழுதி வைத்தவர் போன பிறகும் அந்த விதி வேலை செய்துகொண்டே இருந்தது.

அதே 1913 ஜூலையில்தான் புரட்சியாளர் அம்பேத்கர் படிப்பதற்காக நியூயார்க் வந்து இறங்கினார். பின்னாளில், 1942இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1934ஆம் ஆண்டின் அரசு ஆணை, தகுதியுள்ள ஒடுக்கப்பட்டோரைப் பணிகளில் நியமிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தது. 'கலாம்' என்றால் அதிகாரியின் விருப்பம். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, வைஸ்ராயிடம் மனு கொடுத்துப் போராடினார். 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 1946இல் அது 12.5 ஆனது. அவர் அந்தப் பதவியை விட்டு விலகிய பிறகும் அந்த எண் நின்றது.

நல்ல அதிகாரி வந்தால் மகிழ்வோம், தவறில்லை. ஆனால் அவர் இருக்கும்போதே நம் உரிமைகளை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ரோஸ்டர் பதிவேடு, பின்னடைவுப் பணியிடங்கள், பதவி உயர்வுப் பட்டியல், புகார் விசாரிக்கும் முறை எல்லாம் தாளில் இருக்கட்டும். அப்போது அடுத்து யார் வந்தாலும் "ஆள் எப்படி?" என்று நாம் பயந்து கேட்க வேண்டியதில்லை.