பழைய வளைவுகளில் வந்த டாங்கி

ஈப்போ வீட்டில் என் மகன் கணினியில் டாங்கிச் சண்டை விளையாடுகிறான். கிடைத்தது ஜப்பானியரின் 95ஆம் வகைக் கனரக டாங்கி. 26 டன், ஆமை நடை. முதல் சுற்றிலேயே எரிந்தது. "தகர டப்பாப்பா இது!" என்றான். நிஜத்திலும் அதில் நான்குதான் செய்தார்கள்.

போரில் ஜப்பானியர் பேராக்குக்குக் கொண்டுவந்தவை வேறு. ஹா-கோ என்ற இலகு டாங்கிக்கு எடை ஏழரை டன், கவசம் 12 மில்லிமீட்டர். கூடவே சி-ஹா நடுத்தர டாங்கிகள். 1942 ஜனவரி 7, விடியுமுன், துரோலாக் சாலையில் தடைகளைத் தாண்டின. நெடுஞ்சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் கித்தா மரங்களுக்குள் கிடந்தன; அவற்றில் புகுந்து பிரிட்டிஷ் காவலைச் சுற்றி வந்தன. காலையிலேயே சிலிம் ரிவர் பாலம் ஜப்பானியர் கையில். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

டாங்கிகள் வந்த அன்று அந்தப் பக்கத் தோட்ட லயத்தில் என் பாட்டிக்குப் பத்து வயது. வாசலில் கவிழ்த்திருந்த பால்வாளிகள் தானாகவே கடகடவென்று ஆடினவாம். "பூமி நடுங்குதுன்னு நெனச்சோம்யா" என்பார். அடுத்த ஆண்டே தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் ஏற்றினார்கள்.

மகன் மறு ஆட்டம் தொடங்கினான். பாட்டிக்கு மறு ஆட்டம் வாய்க்கவில்லை.