தீயணைப்பு வண்டிக்கு யார் பணம் தருவது? பம்பாயிலிருந்து ஒரு குறிப்பு

அமெரிக்கச் சிறுநகரங்களின் மன்றக் கூட்டக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒரு தீர்மானம் பழகிப்போயிருக்கும். பழைய தீயணைப்பு வண்டியை மாற்றியாக வேண்டும். அதற்குப் பணம் திரட்ட நகராட்சி ஒரு நிதி ஆலோசகரை அமர்த்துகிறது. கடன் பத்திரமா, குத்தகையா, எத்தனை ஆண்டுத் தவணை என்பதை அவர் கணக்கிட்டுச் சொல்வார். அண்மையில் இதை மாட்டுங்காவில் வளர்ந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "வண்டி வாங்க ஆலோசகரா? கார்ப்பரேஷன்தானே வாங்கணும்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். (மொழியியல் படித்தவரின் நோய், பொறுத்துக்கொள்க.) இந்திய அலுவலக வழக்கில் 'நிதி ஆலோசகர்' என்பது பெரும்பாலும் ஒரு பதவியின் பெயர். ரயில்வேயில் நிதி ஆலோசகரும் தலைமைக் கணக்கு அதிகாரியும் ஒருவரே. அரசுச் சம்பளம் பெறுபவர். அமெரிக்க வழக்கில் அவர் வெளியிலிருந்து கட்டணத்துக்கு வருபவர். பத்திரம் விற்கும் வங்கியாளரும் ஆலோசனை சொல்பவரும் ஒரே ஆளாக இருந்ததால் சில நகரங்கள் கெட்டழிந்தன. அதன்பின், 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம் ஆலோசகர் நகராட்சியின் நலனையே முன்வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

தீயணைப்புக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி அதைவிடப் பழையது. 1666-இன் பெருந்தீக்குப் பின் லண்டனில் தீக்காப்பீடு தோன்றியது. காப்பீட்டு நிறுவனங்களே தத்தமக்குத் தீயணைப்புப் படை வைத்திருந்தன. 1833-இல் அவற்றை இணைத்துப் பொதுப்படை ஒன்றை அமைத்தன. 1861-இல் தேம்ஸ் கரையின் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது இழப்பைத் தாங்க முடியாமல் அரசிடம் கையை விரித்தன. 1865-இன் சட்டம் செலவை மூவருக்குப் பங்கிட்டது: வரி செலுத்துவோர், அரசு, காப்பீட்டு நிறுவனங்கள். கல்கத்தா வேறு வழியில் போனது. 1893-இல் இயற்றப்பட்ட சட்டம் கிடங்குகளுக்கு உரிமம் விதித்தது. சணல் முதலிய சரக்கு வைத்திருப்போர் கட்டிய கட்டணத்தில் தீயணைப்புப் படை நடந்தது. எரியக்கூடிய சரக்கை வைத்திருப்பவரே அணைக்கவும் பணம் தரட்டும் என்பது தர்க்கம்.

பம்பாய் இவ்விரண்டையும் பின்பற்றவில்லை. 1803-இல் கோட்டைப் பகுதி பெருமளவு எரிந்த நகரம் அது. நெடுங்காலம் தீயணைப்பு காவல்துறையின் உபதொழிலாக இருந்தது. 1887 ஏப்ரல் 1 அன்று அது நகராட்சியிடம் வந்தது. அடுத்த ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் தீயணைப்புப் படை வைத்திருப்பதை மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்றாக்கியது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, தீ எல்லாம் ஒரே பட்டியலில். நண்பரின் சிரிப்பு இங்கிருந்து வருகிறது. கட்டாயக் கடமைக்கு யாரும் கடன் ஆலோசனை கேட்பதில்லை. ஆண்டு வரவு செலவில் ஒரு வரி எழுதினால் போதும். தான்சா ஏரிநீரைக் கொண்டுவரக் கடன் வாங்கிய நகரத்துக்குக் குதிரை இழுக்கும் தீயணைப்பு வண்டி தனிக் கடனுக்குரிய பொருளாகத் தோன்றவில்லை. 1907-இல் முதல் மோட்டார் வண்டி வந்தது. 1920 வாக்கில் குதிரைகள் விடைபெற்றன.

மராத்தியில் தீயணைப்பு வண்டிக்கு 'பம்ப்' என்று பெயர். வெந்நீர் போடும் செப்புக் கொதிகலனுக்கும் அதே பெயர். போர்ச்சுகீசியரின் 'பொம்பா' விட்டுச் சென்ற சொல் அது. ஆங்கில 'பம்ப்' தனி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் எழுத்துமுறையின் குறும்பு.

1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பலில் பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் ஒன்றாக இருந்தன. தீயை அணைக்கச் சென்றவர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டனர். அந்த நாளே இன்று தேசியத் தீயணைப்புச் சேவை நாள். ஆண்டுதோறும் வீரர்களை நினைக்கிறோம். அவர்கள் கையில் இருந்த கருவிகளின் வயதையும் விலையையும் பற்றிப் பேசும் வழக்கம் மட்டும் வரவேயில்லை.

இங்கே தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. சென்னையில் தீயணைப்பு மாநில அரசின் துறை. மும்பையில் அது மாநகராட்சியின் துறை. 1992-இன் 74ஆம் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளுக்குரிய 18 பொருள்களில் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. பல மாநிலங்கள் அதைக் கைமாற்றவில்லை. பணம் மட்டும் மேலிருந்து வருகிறது: 15ஆம் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலத் தீயணைப்புச் சேவைகளுக்கு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது, பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக 25 விழுக்காடு சேர்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த நிதி ஆலோசகர்கள் இந்திய நகரங்களுக்கு அந்நியரல்லர். 1998-இல் அகமதாபாத் மாநகராட்சி அரசு உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. 2002-இல் தமிழ்நாட்டில் 13 உள்ளாட்சிகள் சேர்ந்து சுமார் 30 கோடி திரட்டின. இரண்டிலும் ஆலோசனை தந்தது அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஒரு திட்டம். நிதி நிறுவனச் சீர்திருத்தம் என்ற பொருளுடைய அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'ஃபயர்'! ஆனால் அந்த 'ஃபயர்' திரட்டிய பணம் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் போனது. காரணம் எளிது. குடிநீர் இணைப்பு மாதாமாதம் கட்டணம் ஈட்டும். பத்திரம் வாங்கியவருக்கு அது பிணை. தீயணைப்பு வண்டி எதையும் ஈட்டாது. அது சும்மா நிற்கும் நாள்களே நகரத்துக்கு நல்ல நாள்கள்.

அந்த வண்டிக்கு இப்போது சாவுநாள் குறிக்கப்பட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. தீயணைப்பு வண்டி அப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. குறைந்த தூரமே ஓடிய வண்டியும் வயதைக் கொண்டே கழிக்கப்படுகிறது. எனவே 2010-இல் ஒருசேர வாங்கியவை 2025-இல் ஒருசேர விழும். எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த செலவு இது. ஆலோசகர் தேவைப்படும் இடமும் இதுவே. பல்லாயிரம் கோடி வைப்புநிதி உள்ள மும்பை சமாளிக்கும். சிறு நகராட்சிகள்?

ஆனால் எப்படிக் கட்டுவது என்பதை மட்டுமே ஆலோசகர் சொல்வார். எந்த வண்டி, யாருக்கு என்பது அவர் கணக்கில் வராது. என் கவலை அங்கேதான். மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம் கட்டடங்களிடம் தீயணைப்புச் சேவைக் கட்டணம் பெற வழிசெய்கிறது. கல்கத்தாக் கிடங்கின் தர்க்கம் மாடிக் கட்டடத்துக்கு மாறி வந்திருக்கிறது. 2021-இல் மும்பையில் அதை வசூலிக்க முயன்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கட்டணம் கட்டுவது வரைபட அனுமதி பெற்ற கோபுரங்கள். வண்டி அந்தப் பணத்தில் வாங்கப்பட்டால் உயர ஏணி முதலில் வரும். சந்துக்குள் நுழையும் சிறு வண்டி பின்னால் வரும். சிறு வண்டிகளும் மும்பையில் வாங்கப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. வரிசையைத்தான் சொல்கிறேன்.

2024 அக்டோபர் 6 விடியற்காலை செம்பூர் சித்தார்த் காலனியில் கீழே கடை, மேலே வீடு என்றிருந்த சிறு கட்டடம் எரிந்து ஒரே குடும்பத்தில் 7 பேர் இறந்தனர். 2025 மார்ச் 24 இரவு தாராவியில் எரிவாயு உருளைகள் ஏற்றிய லாரி தீப்பற்றி உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன, உயிரிழப்பு இல்லை. இரண்டாவது நடந்தது பெருவண்டிகள் வந்து நிற்கக்கூடிய சாலையில்.

தாராவித் தமிழர் முகவரி சொல்லும்போது தொண்ணூறு அடிச் சாலை, அறுபது அடிச் சாலை என்பார்கள். அகலமே பெயரான தெருக்கள். தீயணைப்பு வண்டி அதுவரை வரும். அங்கிருந்து உள்ளே, இரு கைகளை நீட்டினால் இரு சுவரும் தொடும் சந்துகளில், குழாயைத் தோளில் சுமந்து ஆள்கள்தான் ஓட வேண்டும். அந்தச் சந்துகளுக்கு எத்தனை அடி என்று பெயர் இல்லை.