அடியாள் மரபும் ஆயுதம் ஏந்தும் சிறுவரும்: புதுச்சேரி நகர வரலாற்றுப் பின்னணியில் ஓர் ஆய்வு

முன்னுரை

புதுச்சேரியில் இளைஞர் கும்பல்களின் மோதல்களில் வீச்சரிவாளும் நாட்டு வெடிகுண்டும் பயன்படும்போதெல்லாம் திரைப்படம், மது, கஞ்சா, பெற்றோரின் கவனக்குறைவு ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. இவற்றை முற்றிலும் மறுக்க இயலாது. ஆயினும் பிறருக்காக வன்முறை செய்வோருக்கான தேவை இந்நகரில் எவ்வாறு உருவாயிற்று என்பதை இவை விளக்குவதில்லை. அத்தேவை இன்றைய சிறுவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அரசியலில் வேரூன்றியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தேர்தலும் அடியாளும்

பிரித்தானிய இந்தியாவில் வாக்குரிமை மிகச் சிலருக்கே உரியதாக இருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சிந்தியாவின் ஆண்கள் வாக்களித்தனர். ஆனால் அவ்வுரிமைக்குரிய பாதுகாப்பு உடன் வரவில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதலும் எதிரணி வாக்காளரை அச்சுறுத்தித் தடுத்தலும் தேர்தல் உத்திகளாயின. தலைவருக்கு அடியாள் தேவைப்பட்டான். அடியாளுக்கு வழக்கிலிருந்து காக்கும் தலைவர் தேவைப்பட்டார். இக்கொடுக்கல் வாங்கலே பின்னாளில் நிலைத்தது.

1948இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்கள் வாக்கெடுப்பு முடிவு செய்யும் என இந்திய, பிரெஞ்சு அரசுகள் ஒப்புக்கொண்டன. இணைப்பு ஆதரவாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையிலான பூசலில் குண்டர்களின் ஆதிக்கம் பெருகியது. 1950இல் பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவின் இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. 1951இல் வருகை தந்த பன்னாட்டு நடுநிலைப் பார்வையாளர்கள், அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் இல்லை எனக் கண்டனர். இறுதியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கும் வாய்ப்பு நழுவியதற்கு அடியாள் அரசியலும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

ஆலைகளின் தளர்ச்சி

இதே நகரில் இளைஞருக்கு வேறொரு பாதையும் இருந்தது. 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அதன்பின் வலுப்பெற்ற தொழிற்சங்கம், பூசலைக் கோரிக்கையாகவும் பேச்சுவார்த்தையாகவும் மாற்றும் பயிற்சியை அளித்தது. ஆலைக் கூலி குடும்பத்தில் இளைஞனுக்கு மதிப்பைத் தந்தது. 1898இல் தொடங்கப்பட்டு ரோடியர் ஆலை என வழங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை, 2011 தானே புயலில் பெருஞ்சேதமுற்று 2020இல் மூடப்பட்டது. அடியாளுக்கான தேவை நீடிக்க, அதற்கு மாற்றான பாதை சுருங்கியது.

அச்சமும் மதிப்பும்

இவ்விரு போக்குகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பவனே இன்றைய சிறுவன். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஃபுட் வைட் 1943இல் வெளியிட்ட பாஸ்டன் நகரத் தெருமுனை இளைஞர் பற்றிய ஆய்வு, ஒழுங்கற்றதாகத் தோன்றும் குழுக்களுக்குள் கடமை, படிநிலை, அரசியல் தொடர்பு ஆகியன உண்டு எனக் காட்டியது. புதுச்சேரிக்கும் இது பொருந்தும். பழிக்குப்பழி நிலவும் பகுதியில் சிறுவன் முதலில் தற்காப்புக்காகவே கத்தியை எடுக்கிறான். கத்தி வைத்திருக்கிறான் என்னும் செய்தியே அவனை எதிரணியின் இலக்காக்குகிறது. அதன்பின் கத்தியைக் கீழே வைப்பது மேலும் ஆபத்தாகிறது. இளையோருக்குத் தண்டனை குறைவு என்பதை அறிந்த மூத்தோர், இவ்வச்சத்தையே ஆள்சேர்ப்புக்கு வாயிலாக்குகின்றனர்.

சட்டத்தின் இரு பார்வைகள்

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இச்சிறுவனைப் பற்றிய இரு பார்வைகள் உள்ளன. 15ஆம் பிரிவின்படி, கொடுங்குற்றத்தில் ஈடுபட்டதாகக் கூறப்படும் 16 வயது நிரம்பியவரை, முதற்கட்ட மதிப்பீட்டுக்குப்பின் வயது வந்தோராகக் கருதி விசாரிக்க இயலும். 83ஆம் பிரிவோ, சிறுவரைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 5 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்க வழிசெய்கிறது. முன்னது செய்தவனையும் பின்னது செய்வித்தவனையும் நோக்குகின்றன. முதற்கட்ட மதிப்பீட்டில் சிறுவனின் மன, உடல் திறனோடு குற்றம் நிகழ்ந்த சூழ்நிலையும் ஆராயப்பட வேண்டும் என்பது சட்டத்தின் ஆணை. ஆயுதத்தை அளித்தவர் யார், வழக்கை நடத்துபவர் யார், ஆதாயம் பெறுபவர் யார் என்னும் வினாக்கள் அச்சூழ்நிலைக்குள் அடங்குவன.

முடிவுரை

1950களின் குண்டர்களுக்கும் இன்றைய சிறுவருக்கும் நேர்வழித் தொடர்ச்சி உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மனிதர்களும் ஆயுதங்களும் மாறிவிட்டனர். செய்விப்பவன் மறைந்திருக்க, செய்பவன் மட்டும் அகப்படும் ஏற்பாடு மாறவில்லை. 15ஆம் பிரிவின்கீழ்ச் சிறுவனை மதிப்பிடும் ஒவ்வொரு வழக்கிலும் 83ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கத்தக்க பெரியவர் உளரா எனத் தேடுவதே இவ்வேற்பாட்டைக் குலைக்கும் முதற்படியாகும்.