கடுகண்ணாவை ஏறிய எஞ்சின்கள்

கண்டிக்குப் புகையிரதம் 1867ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளிலேயே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. ஆயினும் பாதை அமைத்ததோடு கவலை தீர்ந்துவிடவில்லை. இறம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை, ஏறத்தாழ 44 அடிக்கு ஓரடி உயரும் கடும் ஏற்றம். போதாக்குறைக்கு வளைவுக்குமேல் வளைவு. சமவெளியில் விரைந்தோடும் எஞ்சினும் இங்கே மூச்சுத் திணறும்.

பெரிய சக்கரம் வேகத்துக்கு உதவும். சிறிய சக்கரம் இழுவைக்கு உதவும். ஆகவே மலைப்பணிக்குச் சிறு சக்கர எஞ்சின்களே ஏற்றவை. பாரம் மிகுந்தபோது பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளச் செய்தனர். வலிமை கருதி எஞ்சினை நீட்டினால் வளைவில் திரும்பாது. குறுக்கினால் பாரத்தை இழுக்காது. இந்த இக்கட்டுக்கு விடையாக, மாஞ்செஸ்டர் நகரின் பேயர் பீக்கொக் தொழிற்சாலையில் உருவான காரற் எஞ்சின் 1927இல் வந்தது. நடுவில் ஒரே கொதிகலன். அதன் இரு முனைகளிலும் தனித்தனியே திரும்பும் இரு சக்கரத் தொகுதிகள். பாரமும் பல அச்சுகளில் பகிரப்பட்டதால் தண்டவாளம் தாங்கிற்று.

1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் மலையேறத் தொடங்கின. நீராவியின் காலம் மெல்ல மறைந்தது. 2014இல் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் அந்த ஏற்றத்தின் உச்சியாகிய கடுகண்ணாவையிலேதான். மலை வளைந்து கொடுக்கவில்லை. எஞ்சினே மலைக்கேற்ப மாறிற்று.