வங்கப் படுகை வண்டலில் ஆர்சனிக்

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் இமயமலைப் பகுதியிலிருந்து அரித்துவந்த மணலும் களிமண்ணும் படிந்து உருவான வங்கக் கழிமுகத்தில், ஆழம் குறைந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் பரவலாகக் கலந்துள்ளது. ஆயினும் அங்குள்ள வண்டலில் ஆர்சனிக்கின் அளவு பிற ஆற்றுப் படுகைகளில் இருப்பதைவிடப் பெரிதும் மிகுந்ததன்று. ஆகவே அது மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த நிலையில் மண்ணை விட்டு நீருக்குள் இறங்குகிறது என்பதே ஆய்வாளர் விடை காண வேண்டியிருந்த வினா.

குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கு நோய்களைத் தவிர்ப்பதற்காக 1970களில் யூனிசெஃப் துணையுடன் வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகள் பெருமளவில் இறக்கப்பட்டபோது, ஆர்சனிக் சோதனை வழக்கத்தில் இல்லை. 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா மேற்கு வங்க நோயாளிகளிடம் ஆர்சனிக் நச்சின் அறிகுறிகளை இனங்கண்டார். வங்கதேசக் கிணற்று நீரில் அது 1993இல்தான் கண்டறியப்பட்டது.

பாசனத்துக்கு நீரை மிகுதியாக இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, மண்ணுக்குள் புகுந்த காற்று பைரைட் என்னும் இரும்புச் சல்பைடைச் சிதைத்து ஆர்சனிக்கை விடுவித்தது என்பதே முதலில் சொல்லப்பட்ட விளக்கம். 1998இல் நிக்சன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் இதற்கு நேர்மாறான விளக்கத்தை முன்வைத்தனர். மணல்துகளின் மேல் துருப்போலப் படிந்துள்ள இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைப் பற்றிவைத்திருக்கிறது. வண்டலோடு புதையுண்ட கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் அவை அதற்குப் பதிலாக இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்த, ஒடுக்கமடைந்த (எலக்ட்ரானைப் பெற்ற) இரும்பு கரைந்து, ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. நுண்ணுயிர்களின் இப்பங்கை 2004இல் வெளியான ஆய்வக முடிவுகள் உறுதிப்படுத்தியதால் இவ்விளக்கமே இன்று வலுவானது. கரிமப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இரும்பு ஆக்சைடு பற்றிய இவ்விளக்கத்துக்குப் படிவின் நிறமே சான்று. கடைசிப் பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்தபோது படிந்த இளம் வண்டல், இரும்பு ஒடுக்கமடைந்ததால் சாம்பல் நிறமாக இருக்கிறது. அதற்கு முற்பட்ட பழைய மணலோ ஆக்சைடு பூச்சு அழியாமல் செம்மஞ்சளாக இருப்பதால் அதன் நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் குறைவு. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் கிணறு தோண்டுவோர், வெளிவரும் மணலின் நிறத்தைப் பார்த்தே குழாயை எந்த ஆழத்தில் நிறுத்துவதென முடிவுசெய்தது ஆய்வாளர் பின்னர் சோதித்து ஏற்ற வழிமுறையாகும்.

பிரித்தானியப் புவியியல் அளவீட்டுத் துறை வங்கதேச அரசுடன் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில், 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பை மீறியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டு அளவை 1993இல் 10 மைக்ரோகிராமாகக் குறைத்தபோதும், வங்கதேசம் 50 என்ற பழைய வரம்பையே தொடர்ந்து பின்பற்றிவருகிறது.