யந்திரம் கேட்கும் கேள்வி

யந்திரங்கள் மனிதனுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொண்ட கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவை மனிதனைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட கதையை எழுதியவர்கள் குறைவு. கம்ப்யூட்டர் திரையில், வேலைக்கு நடுவே, சட்டென்று ஒரு சிறு கட்டம் முளைக்கிறது. 'எழுதியதைச் சேமிக்கவா, வேண்டாமா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. 'டயலாக் பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். அதாவது, சம்பாஷணைப் பெட்டி. நாவல் எழுதுகிறவனுக்குச் சம்பாஷணை என்ற வார்த்தை காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா?

ஆதியில் சம்பாஷணை ஒருவழிதான். மனிதன் கட்டளைச் சொற்களை நெட்டுருப் போட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் யந்திரம் அசையாது. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரத்திலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தார் இதை மாற்ற முனைந்தார்கள். 1973-ல் ஆல்டோ என்ற யந்திரம் பிறந்தது. அதன் வழியில் 1981-ல் 'ஸ்டார்' விற்பனைக்கு வந்தது. எழுத்து தடித்திருக்க வேண்டுமா, சாய்ந்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒரு படிவம் போல விரித்து வைத்து, 'தொட்டுக் காட்டுங்கள்' என்றது அது. ஓட்டலில் பலகாரங்களின் பெயரை நாம் மனப்பாடம் செய்துகொண்டா போகிறோம்? பட்டியலைப் பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களிலும் ஓர் இலக்கணம் உண்டு. 'ரேடியோ பட்டன்' என்று ஒன்று. பழைய மோட்டார் கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால், முன்பு அழுத்தியது வெளியே துள்ளி வரும். அதிலிருந்து வந்த பெயர். பலவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். 'செக் பாக்ஸ்' என்ற சதுரமோ, வேண்டியதற்கெல்லாம் குறி போட இடம் தரும். முன்னது 'அல்லது', பின்னது 'உம்'. தொல்லை பிடித்த இலக்கணத்தை இவ்வளவு எளிதாக யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை!

ஆப்பிள் கம்பெனியார் 1983-ல் 'லிசா' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். அதற்கு முன்னால், கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்களை உட்கார வைத்து, லாரி டெஸ்லர் என்பவர் பரீட்சித்துப் பார்த்தார். அப்போது பெட்டியில் இரண்டு பொத்தான்கள்: 'டூ இட்', 'கேன்ஸல்'. 'செய்' என்பதை அழுத்த வேண்டிய இடத்தில் பலர் 'ரத்து' என்பதை அழுத்தினார்கள். காரணம் விளங்கவில்லை. கடைசியில் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்: தன்னை ஏன் இந்த யந்திரம் மட்டி என்கிறது என்று! திரையின் எழுத்து வடிவில் 'டூ இட்' என்ற இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு, மட்டி என்று பொருள்படும் 'டோல்ட்' போலத் தெரிந்திருக்கிறது. கொச்சை என்று முதலில் ஒதுக்கி வைத்திருந்த 'ஓகே', அன்று பொத்தானில் ஏறியது. 1984-ல் மாக்கின்டாஷ் வந்தது. மறு வருஷம் விண்டோஸ் வந்தது. 'ஓகே' உலகம் சுற்றியது.

இந்தக் கதையில் நகைச்சுவையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தவறு யாருடையது? பொத்தானை மாற்றி அழுத்தியவர்களை மட்டிகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டெஸ்லர் பொத்தானை மாற்றினார். பதில் சொல்லாதவரை வேறு எதையும் செய்யவிடாமல் மனிதனை வழிமறிக்கும் ஏற்பாடுகள் அவருக்குப் பிடிக்காதவை. 2020-ல் காலமாகும்வரை அந்தக் கட்சியிலேயே இருந்தார்.

இன்றோ பெட்டிகள் மலிந்துவிட்டன. ஏதோ கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிட்டு, 'ஓகே' என்ற ஒரே பொத்தானை நீட்டுகின்றன சில. என்ன ஓகே? ஒரே பதிலுக்கு இடம் தரும் கேள்வி, கேள்வியாகுமா? பொத்தானில் 'சேமி', 'சேமிக்காதே' என்று வினைச்சொல்லையே எழுதுங்கள் என்று ஆப்பிளின் வழிகாட்டி நூல் சொன்னது அதனால்தான். ஓயாமல் கேட்டால் மனிதன் படிக்காமலே தலையசைக்கப் பழகிவிடுவான். அப்படித் தலையசைத்த ஒரு நொடியில் ஒரு வருஷத்து எழுத்து அழிந்துபோகலாம். அந்தரங்கம் அந்நியர் கைக்குப் போகலாம். சம்மதம் என்பது படித்துப் புரிந்துகொண்டு தருவது. அதைக் கேட்கத் தெரியாத பெட்டிக்குச் சம்பாஷணை என்ற பெயர் பொருந்தாது.